அம்மாவாசை சேர்த்து வைக்காத சொல்

மோட்டார் நின்றுபோனது. படகிலிருந்த ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

நோணாங்குப்பத்துப் படகுத்துறையிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகிற வழி. சுண்ணாம்பாறு கடைசியாக ஒரு தடவை இடுப்பை ஒடித்துத் திரும்பி, கடலோடு சேருகிற முகத்துவாரத்தைக் காட்டுகிற இடம். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஆற்றுத் தண்ணீரைக் கடல் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற நேரம் அது. மோட்டார் நின்றதும் படகு நிற்கவில்லை. யாரும் ஓட்டாமலே முகத்துவாரத்தைப் பார்த்து மெதுவாக நகர்ந்தது.

"மோட்டார் நின்னுபோச்சு! நெசமாவே நின்னுபோச்சுங்க!" என்றான் படகோட்டி அம்மாவாசை.

கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. ஹைதராபாத்திலிருந்து வந்த புதுமாப்பிள்ளை விசிலே அடித்துவிட்டான்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கைதட்டலை வருஷக்கணக்காக வளர்த்து ஆளாக்கியதே அம்மாவாசைதான்.

நாற்பத்தைந்து வயது, எட்டாவதோடு நின்ற படிப்பு. அப்பா கிருஷ்ணசாமி பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடினதும் அப்பா வீட்டில் உட்கார்ந்தார், பிள்ளை பாரில் நின்றான். புதுச்சேரியில் படிப்பை விட்ட பையனுக்கு ஒரு பிராந்திக் கடையாவது வேலை கொடுக்காமல் போகாது. அந்தக் கடைக்கு ஒரு சொல்தா வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு ரவுண்டு உள்ளே போனதும், "டேய், இன்னைக்கு எனக்கு கஃபார்டா" என்பார். கஃபார் என்றால் கரப்பான்பூச்சி. மனசு சரியில்லை என்பதைப் பிரெஞ்சுக்காரன் எனக்குள்ளே கரப்பான்பூச்சி இருக்கிறது என்று சொல்வானாம். ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்தால், ஆப்பிளுக்குள்ளே விழுந்துவிட்டாள் என்பானாம்.

அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். வணக்கம், நன்றி, நலமா என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம். அதெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு வருகிற பேச்சு. பனியனோடு திண்டாடுகிற பேச்சுதான் வேண்டும். கேட்பதற்கு ஒரு கேள்வியும் வைத்திருந்தான்.

"உங்க ஊர்ல மச்சான் மேல கோவம் வந்தா என்னா சொல்லுவீங்க?"

எந்த ஊர்க்காரனுக்கும் மச்சான் உண்டு, கோபமும் உண்டு. கேட்டவுடன் சிரித்துவிடுவார்கள். சிரித்தவன் வாயிலிருந்து நல்ல சரக்காக விழும். படகு ஓட்ட வந்த பிறகு கேட்பானேன், இந்தியாவே அவன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மலையாளி திகைத்து நின்றால் கிளி போயி என்பான், தலைக்குள் இருந்த கிளி பறந்துவிட்டதாம். கன்னடத்துக்காரன் புளுகுகிறவனைப் பார்த்து, காக்கா பறக்கவிடுகிறான் என்பான். தெலுங்குக்காரனுக்கு, வம்பு பண்ணினவன் வாங்கிக்கட்டிக்கொண்டால் தூல தீரிந்தி, அரிப்பு அடங்கிவிட்டது. இந்திக்காரன் ஓட்டம் பிடித்தால் நௌ தோ க்யாரா, ஒன்பதும் ரெண்டும் பதினொன்று. வங்காளி கவலைப்படாதே என்பதற்கு சாப் நேய் என்பான், அழுத்தம் இல்லையாம். அம்மாவாசை தன் பங்குக்கு ரீல் விடறதையும் ஜகா வாங்கறதையும் அல்வா குடுக்கறதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புவான். குல்பர்காவிலோ குண்டூரிலோ எவனோ ஒருத்தன் இன்றைக்கு ஜகா வாங்கிக்கொண்டிருந்தால் அதற்கு நோணாங்குப்பம்தான் காரணம்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஓர் ஆட்டத்தையும் கண்டுபிடித்தான்.

படகு முகத்துவாரத்துக்கு முந்தின திருப்பத்துக்கு வந்ததும் மோட்டாரை அணைத்துவிடுவான். முகத்தைச் செத்துப்போனவன் மாதிரி வைத்துக்கொள்வான். எல்லோரும் பயந்து அலற ஆரம்பித்ததும் அவரவர் பாஷையிலேயே ஒரு போடு போடுவான். மலையாளிக்கு "பணி பாளி", காரியம் கெட்டது. இந்திக்காரனுக்கு "பத்தி குல்", அதாவது விளக்கு அவிந்தது. பிறகு கயிற்றை ஒரே இழு. மோட்டார் உறுமும். படகு முழுக்கச் சிரிப்பு. படகோட்டிகள் இதற்கு ஆஃப் ஆட்டம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். மற்றவர்களும் ஆடிப் பார்த்தார்கள். அம்மாவாசைக்கு வருகிற முகம் அவர்களுக்கு வரவில்லை.

அந்த ஆட்டத்தில் அவன் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நெசமா என்பான். சீரியஸ் சார் என்பான். சாமி சத்தியமா என்பான். ப்ராமிஸ், சச் மே, வ்ரே மொசியே என்று எந்தெந்த பாஷையில் உண்மையைச் சொல்ல என்னென்ன சொல் இருக்கிறதோ அத்தனையையும் அந்த ஆட்டத்திலேயே செலவழித்துவிட்டான். ஒருமுறை இன்னொரு படகோட்டி சிலம்பரசனுக்கே ஃபோன் போட்டு, "மச்சான், முழுகப் போறோம்டா" என்று அழுதான். சிலம்பரசன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து படகை விரட்டிக்கொண்டு வந்து பார்த்தால், அம்மாவாசை பயணிகளோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் அந்த ஆட்டத்தில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆப்பிளுக்குள்ளே விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், புகார் எழுதினார். இன்று காலை படகுத்துறை மேனேஜர் ஹேமலதா அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். அது தனியார் நடத்துகிற படகுத்துறை. அங்கே அவள் சொன்னதுதான் சட்டம்.

"அம்மாவாசண்ணே, இன்னொரு தடவ மோட்டார ஆஃப் பண்ணீங்கன்னு தெரிஞ்சிது, அப்பிடியே எறங்கி வீட்டுக்குப் போயிடுங்க. இந்தப் பக்கம் வர வேணாம்."

"பண்ண மாட்டேன் மேடம். சாமி சத்தியமா."

"அந்தச் சத்தியத்த எனக்குக் குடுக்காதீங்க. அது படகுக்காரங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

அவன் நிஜமாகத்தான் சத்தியம் பண்ணினான். சாயங்காலம் ஏறின ஒன்பது பேரிடமும் ஒழுங்காகவே நடந்துகொண்டான். மூன்று பேர் காலாப்பட்டுப் பக்கம் படிக்கிற மலையாளிப் பையன்கள். அவர்களில் விக்ரம் என்பவன் ஃபோனைக் கையில் பிடித்தபடியே ஏறினான். அம்மாவாசையின் ஆட்டத்தை யாரோ ரீல்ஸில் போட, அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஹைதராபாத் ஜோடி ஒன்று. கான்பூரிலிருந்து புருஷன், பெண்டாட்டி, ஐந்து வயதுப் பெண் குழந்தை. தனியாக ஒரு வெள்ளைக்கார அம்மா.

"சேட்டா, அந்த மோட்டார் ப்ராங்க் எப்போ?" என்று விக்ரம் ஏறும்போதே கேட்டான்.

"அதெல்லாம் இல்லப்பா. நிறுத்திட்டேன். மேடம் திட்டிட்டாங்க."

"ஓஹோ!" விக்ரம் மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். கான்பூர்க்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கமும் சொன்னான். இவர் இப்படித்தான் முதலில் இல்லை என்பார், பிறகுதான் வேடிக்கை. கான்பூர்க்காரர் பெண்டாட்டிக்குச் சொன்னார். இப்படியாகப் படகு கரையை விடுவதற்கு முன்னாலேயே, நடக்கப்போகிறது எதுவானாலும் அது பொய் என்று ஒன்பது பேருக்கும் தெரிந்துபோயிருந்தது.

திருப்பம் தாண்டினதும், எங்கேயோ அறுந்து வந்த மீன்வலை ஒன்று தண்ணீருக்கடியில் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டது. ஒரு முக்கல், ஒரு முனகல். மோட்டார் நின்றது.

அம்மாவாசை கயிற்றை இழுத்துப் பார்த்தான். விசிறி அசையவில்லை. நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். அது அடிச்சேற்றில் பிடி கிடைக்காமல் உழுதுகொண்டே வந்தது. எதிரே, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில், மணல்திட்டின் மேல் அலை உடைகிற வெள்ளைக் கோடு தெரிந்தது. மோட்டார் இல்லாத படகு அந்தக் கோட்டுக்குப் போனால் பக்கவாட்டில் திரும்பும். திரும்பினால் கவிழும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. தேங்காய்த்திட்டுக்காரன் ஒருத்தனைப் போன மழைக்காலத்தில் அதே இடத்தில்தான் பிணமாக எடுத்தார்கள்.

அவன் படகுக்குள் திரும்பிப் பார்த்தான். பாதிப் பேர் லைஃப் ஜாக்கெட்டை ஃபோட்டோவில் நன்றாக இருக்காது என்று கழற்றிப் பெஞ்சில் போட்டிருந்தார்கள். குழந்தையின் ஜாக்கெட் பெரியது, கழுத்து வழியாகவே நழுவிவிடும் போலிருந்தது.

சிலம்பரசனுக்கு ஃபோன் போட்டான்.

"மச்சான், முகத்துவாரத்துகிட்ட மாட்டிக்கிட்டேன். விசிறியில வலை சுத்திக்கிச்சு. கயிறு எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா."

"கடலை இருக்குதா, நான் வாங்கிட்டு வரட்டா?"

"டேய், நெசமாடா."

"அன்னைக்கும் நெசமாடான்னுதான் அழுத. பின்னால கைதட்டறது எனக்குக் கேக்குது மச்சான். காலையில மேடம் அந்தக் காய்ச்சு காய்ச்சியும் சாயங்காலமே ஆரம்பிச்சிட்டியா? ஒனக்கு தில்லுதான்."

"கொழந்த இருக்குதுடா படகுல!"

"சூப்பர். அன்னைக்கி கர்ப்பிணிப் பொம்பள இருக்குன்ன." சிலம்பரசன் வைத்துவிட்டான். அம்மாவாசை மறுபடி அடித்தான். அவன் எடுக்கவில்லை.

மீதியிருந்தது ஒரே வழி. மோட்டாரைத் தூக்கி, பின்பக்கம் குனிந்து, வலையை அறுக்க வேண்டும். பெஞ்சுக்கடியில் இருந்த பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தான். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிவிட்டு, படகின் பின்விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்தான்.

அவன் கத்தியோடு குனிந்ததைப் பார்த்த படகுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புது ஐட்டம்! விக்ரமும் அவன் நண்பர்களும் ஃபோனோடு பின்பக்கம் ஓடிவந்தார்கள். ஹைதராபாத் மாப்பிள்ளை பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அத்தனை பேர் பாரமும் பின்னால் விழ, படகின் வால் தாழ்ந்தது. ஒரு குடம் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. அம்மாவாசையின் தலை தண்ணீருக்குள் போய்விட்டு வந்தது. மூக்கில் உப்புத் தண்ணீர் ஏற, இருமிக்கொண்டே எழுந்தான்.

"முன்னால போங்க! எல்லாரும் முன்னால போய் உக்காருங்க! படகு முழுகிடும்!"

"சேட்டா, என்னா ஆக்டிங்!" என்றான் விக்ரம். "இன்னொரு தடவை சொல்லுங்க, க்ளோஸப்ல எடுக்கிறேன்."

"ஆக்டிங் இல்லடா தம்பி. சீரியஸ்டா. சீரியஸ்!"

"சீரியஸ்!" என்று மூன்று பையன்களும் அவன் குரலிலேயே கோரஸாகச் சொன்னார்கள். அந்த ரீல்ஸில் அதுதான் பேர்போன இடம்.

"பஹுத் அச்சா, பையா" என்று கான்பூர்க்காரர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அம்மாவாசை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். விக்ரமுக்குத் தமிழ் தெரியும். புரியாமல் இல்லை, நம்பாமல்தான் நிற்கிறான். கான்பூர்க்காரருக்குத் தமிழ் தெரியாது, இந்தியில் சொல்லலாம் என்றால் அம்மாவாசையிடம் இருந்த இந்தி முழுக்க வேடிக்கை இந்தி. இத்தனை வருஷம் இத்தனை பாஷை சேர்த்தான். உட்கார், எழுந்திருக்காதே, ஆபத்து என்று சொல்ல ஒன்றிலும் ஒரு சொல் அவனிடம் இல்லை. கத்தினால் நடிப்பு. அழுதால் அதைவிட நல்ல நடிப்பு. பேசாமல் நின்றாலும் நடிப்புதான், அதையும் அவன் முன்பே ஆடியிருக்கிறான். முறைத்தான். முறைப்புக்கும் சிரித்தார்கள். கெட்ட வார்த்தை ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், படகு இன்னும் ஆடும்.

நங்கூரக் கயிறு ஒருமுறை விறைத்து, மறுபடி தளர்ந்தது. வெள்ளைக் கோடு இப்போது சத்தமாகவும் கேட்டது.

அப்போதுதான் அவன் அதைச் செய்தான். யோசித்துத்தான் செய்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டான். அப்படியெல்லாம் இல்லை. வேறு எதுவும் கைவசம் இல்லாததால் பழக்க தோஷத்தில் வாய் தன் கேள்வியைக் கேட்டுவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தான். கத்தியை மடிமேல் வைத்தான். கையை உயர்த்தி எல்லோரையும் பார்க்கவைத்தான்.

"சரி, ஒரு கேள்வி. உங்க ஊர்ல, தண்ணியில முழுகுறவன் என்னா சொல்லிக் கத்துவான்? விக்ரம், நீ எல்லாருக்கும் இங்கிலீஷ்ல சொல்லு."

விக்ரம் சந்தோஷமாக மொழிபெயர்த்தான். விளையாட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

"கேரளாவுல?" என்றான் அம்மாவாசை.

"ரக்ஷிக்கணே!" மூன்று பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு, குரலை உடைத்துக் கத்தினார்கள். சிரிப்பு.

"ஆந்திரா, தெலங்கானா?"

"காப்பாடண்டி!" என்றான் ஹைதராபாத் மாப்பிள்ளை. பெண்டாட்டி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"மதாம்?"

"ஓ ஸ்கூர்" என்றாள் வெள்ளைக்கார அம்மா. அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரமாகவே அவள் காலை உயர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் தண்ணீர் இருந்தது.

"கான்பூர்?"

புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தார், நீ சொல் என்கிற மாதிரி. அவள் மடியில் குழந்தை. அவளும் சிரிப்போடுதான் வாயைத் திறந்தாள்.

"பச்சாவ்" என்றாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை அம்மாவாசையின் மடியில் விழுந்தது. அங்கே இருந்த கத்தி நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அவள் பார்வை நங்கூரக் கயிற்றுக்குப் போயிற்று. அங்கிருந்து கரைக்கு. கரையில் சற்று முன்னால் எதிரே இருந்த சவுக்கு மரம் இப்போது எங்கோ பின்னால் போய்விட்டிருந்தது. அவள் மறுபடி அதே சொல்லைச் சொன்னாள். இந்தத் தடவை சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

படகில் சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது. சிலருக்கு வாய் சிரித்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் போய்விட்டது. விக்ரம் ஃபோனைக் கீழே இறக்கினான்.

"சேட்டா" என்றான் மெதுவாக. "இது..."

"முன்னால போய் உக்காரச் சொல்லு. ஜாக்கெட் போடச் சொல்லு. யாரும் எழுந்திருக்கக் கூடாது. நீ மட்டும் வந்து என் கால் ரெண்டையும் பிடி."

விக்ரம் சொன்னான். கான்பூர்க்காரர் மட்டும் கைகால் வீங்கிப்போய் நடுப்படகில் அப்படியே நின்றார். பயத்தில் உறைந்துபோவதற்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் பேர். அம்மாவாசை முன்பக்கத்தைக் காட்டி, "நௌ தோ க்யாரா, சேட்ஜி! உக்காந்துக்கிட்டே நௌ தோ க்யாரா!" என்று கத்தினான். எவரும் சிரிக்கவில்லை. அவர் முட்டிபோட்டுத் தவழ்ந்து முன்னால் போனார்.

வால் நிமிர்ந்தது. விக்ரம் ஃபோனை நண்பனிடம் கொடுத்துவிட்டு, அம்மாவாசையின் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அம்மாவாசை தலைகீழாகத் தொங்கி அறுத்தான். நைலான் வலை. ஒரு பக்கம் அறுத்தால் இன்னொரு பக்கம் இறுகியது. கத்தி வழுக்கி உள்ளங்கையில் ஏறியது. ரத்தம் வந்ததை அவன் கவனிக்கவில்லை, பிடி வழுக்கியதைத்தான் கவனித்தான். ஓர் அலை வந்து படகைப் பக்கவாட்டில் தள்ளி, முன்னால் இருந்தவர்கள் மேல் கொட்டியது. முன்பக்கத்தில் குழந்தை வீறிட்டது. ஹைதராபாத் பெண், காப்பாடண்டி காப்பாடண்டி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் சொல்லுக்கா கொஞ்ச நேரத்துக்கு முன் வெட்கத்தோடு சிரித்தாள்?

"சேட்டா, படகு திரும்புது!"

"கால விடாத!"

கடைசி முடிச்சு அறுந்தது. வலையைக் கொத்தாகப் பிடித்துப் படகுக்குள் வீசினான். மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றை இழுத்தான். இருமியது. இழுத்தான். இன்னொரு இருமல். வெள்ளைக் கோடு ஒரு படகு நீளத் தூரத்தில்தான் இருந்தது. மாரியாத்தா என்று சொல்ல நினைத்து, அவள் பேரில் போட்ட பொய்ச் சத்தியங்கள் ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டு இழுத்தான்.

மோட்டார் பிடித்தது.

படகு மூக்கைத் திருப்பி, நங்கூரத்தைச் சேற்றில் இழுத்துக்கொண்டே ஆற்றுக்குள் ஏறியது. திருப்பம் தாண்டி, மரங்கள் மறைத்து, அலைச் சத்தம் காதிலிருந்து போன பிறகும் ஒருத்தரும் பெஞ்சைப் பிடித்த பிடியை விடவில்லை.

படகுத்துறை தெரிந்ததும்தான் ஹைதராபாத் மாப்பிள்ளை வாயைத் திறந்தான். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு கைதட்டல்.

"அன்னா, கேகா அன்னா! நானே நம்பிட்டேன்!" என்றான். கேகா என்றால் தெலுங்கில் பிரமாதம்.

மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருந்தது. மோட்டார் நின்றது, எல்லோரும் அலறினார்கள், மோட்டார் ஓடியது. ஆட்டம் எப்போதும் இப்படித்தான் முடியும். கான்பூர்க்காரருக்கும் முகத்தில் ரத்தம் திரும்ப ஆரம்பித்தது. தான் தவழ்ந்து போனது வேடிக்கைக்காகத்தான் என்று இருந்தால் அவருக்கும் சௌகரியம். மெதுவாக அவரும் கைதட்டினார்.

கரையில் ஹேமலதா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சிலம்பரசன். அவன் முகத்தைப் பார்த்தாலே ஆட்டத்தைப் பற்றி அவளிடம் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தது.

"கைதட்டல் நல்லாக் கேக்குதுண்ணே" என்றாள் ஹேமலதா. "படகுச் சாவிய குடுங்க."

அம்மாவாசை வாயைத் திறந்தான். நெசமா என்று சொல்ல வந்தது. சத்தியமா என்று வந்தது. சீரியஸ் மேடம் என்று வந்தது. ஒன்றும் உதவாது. பெஞ்சின் மேலிருந்த வலைக்கொத்தை எடுத்து நீட்டினான்.

"வலையும் ரெடியா வச்சிருந்தியா மச்சான்?" என்றான் சிலம்பரசன்.

சாவியை எடுக்க இடுப்புக்குப் போனது அம்மாவாசையின் கை. அப்போது கான்பூர்க்காரரின் பெண்டாட்டி குழந்தையோடு இறங்கினாள். கைதட்டிக்கொண்டிருந்த புருஷனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நேராக ஹேமலதாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மஜாக் நஹீ தா" என்றாள். விளையாட்டு இல்லை.

குழந்தையின் ஜாக்கெட்டைக் கழற்றி ஹேமலதாவின் கையில் கொடுத்தாள். அது மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. ஆஃப் ஆட்டத்தில் யாரும் நனைவதில்லை. ஹேமலதா ஜாக்கெட்டைப் பார்த்தாள். அம்மாவாசையின் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சிலம்பரசன் பக்கம் திரும்பினாள்.

"ஃபோன் வந்துதா ஒங்களுக்கு?"

"வந்துது மேடம். ஆனா அவன் எப்பவும்..."

"வந்துதா இல்லியா?"

சிலம்பரசன் தலையாட்டினான். ஹேமலதா சாவியை வாங்கவில்லை. "போய்க் கையக் கட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அம்மாவாசையின் ஜாதகம் தெரியாதவர்கள். விக்ரமின் நண்பன் விடாமல் எடுத்த வீடியோ இரண்டே நாளில் ஊர் உலகம் முழுக்கப் போய்விட்டது. போடாதே என்று விக்ரம் அவனோடு சண்டை போட்டதாகக் கேள்வி. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள், இதுதான் இதுவரை வந்ததிலேயே பெரிய ப்ராங்க் என்று எழுதினார்கள். ரத்தம் தக்காளிச் சாறாம். அந்த வலை அம்மாவாசை வீட்டுக் கூரைமேல் கிடந்ததுதான் என்று சிலம்பரசன் இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அப்படித்தான் சொல்லியாக வேண்டும், பாவம். கூப்பிட்டபோது போகாதவன் அவன்தானே.

பெண்டாட்டி கலைவாணியே முதலில் நம்பவில்லை. கையில் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். "அண்ணே, அந்த வலை ப்ராங்க்" என்று கேட்டுக்கொண்டே ஏறுகிறார்கள். அம்மாவாசை மோட்டாரைத் தொடுவதில்லை. எல்லோரும் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்ததும், கரையில் கட்டிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, மச்சான் கேள்விக்கு முன்னால் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்கிறான். கயிறு அவிழ வேண்டுமானால் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ச் சொல்லைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத் தான் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூனாக்காரர் ஒருவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, ஃபோனைப் பார்த்தபடியே, "வாச்சவா, வாச்சவா" என்று கொட்டாவியோடு சொன்னார்.

"கேக்கல சார்" என்றான் அம்மாவாசை. "இன்னொரு தடவ."

கயிறு அவன் கையிலேயே இருந்தது.